பின் டயர் மட்டும் ஏன் தேய்ந்தது?

அத்தியாயம் 4

"ஏங்க்கா, திருடப் போன பெட்ரோலுக்குக் கணக்கு எழுதி, அதை இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ல கழிச்சுக் காட்டுன திருடனை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கியளா?"

முனீஸ் காதோடு காதாகத்தான் கேட்டான். ஆனால் அவன் குரல் கோவில்பட்டிக் குரல், காதில் சொன்னாலும் கதவுக்கு வெளியே கேட்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஜெயசுதா செருப்புக் காலால் முனீஸின் காலை ஒரு மிதி மிதித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவளைப் போலக் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள்.

திருப்பூரில் ஜெயசுதாவின் துப்பறியும் ஆபீசுக்குக் கல்யாணச் சீசனில்தான் வரும்படி. மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, வேறு ஊரில் வேறு குடும்பம் உண்டா என்று பார்த்துச் சொல்வாள். பத்து வருஷம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள், ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். முனீஸ் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவனுக்கு உலகத்தில் யார் மீதும் நம்பிக்கை கிடையாது, தன் வாய் மீது மட்டும் அபார நம்பிக்கை. இப்போதும் அவன் சந்தேகப் பட்டியலில் முதலாளி கந்தப்பன், மேனேஜர் மாதவன், சற்று முன் டீ கொண்டு வந்து வைத்த அம்மாள் என்று சகலரும் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். திருப்பூருக்குள்ளேயே நெருப்பெரிச்சல் பகுதியில் இருக்கும் கந்தப்பன் கம்பெனி, வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்காக ஒரு கோடு போட்ட டீ சர்ட்டை உருவாக்கியது. கடுகு மஞ்சளும் கருநீலமுமாக, அகலம் மாறி மாறி வரும் கோடுகள். அதற்கு மாசக்கணக்கில் மண்டையை உடைத்திருந்தார்கள். சாம்பிள் அனுப்பப் போகும் நேரத்தில் வியாபாரியிடமிருந்து பதில் வந்தது: இதே கோட்டை உங்கள் ஊரிலேயே இன்னொரு கம்பெனி எங்களுக்குக் காட்டிவிட்டதே, விலையும் குறைவாயிற்றே. அந்தக் கம்பெனி காட்டிய சட்டை எப்படியோ கந்தப்பன் கைக்கும் வந்து சேர்ந்தது. இரண்டும் இப்போது மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நிறம் மட்டும்தான் வேறு. இது மஞ்சளும் நீலமும், அது செங்கல் சிவப்பும் கிளிப்பச்சையும். கோட்டின் அகலமும் இடைவெளியும் அச்சு அசல் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போட்டு வேறு சட்டை மாட்டி, என் பிள்ளை என்று சொன்ன மாதிரி இருந்தது.

சாம்பிள் அறையிலிருந்து ஒரு துண்டுத் துணி காணாமல் போயிருந்தது. எடுத்தது யார் என்ற கேள்விக்கு மேனேஜர் மாதவன்தான் பதில் கொண்டு வந்தார். தையல் மெஷின் மெக்கானிக் வாசிம். மெக்கானிக் என்பதால் எந்த அறைக்குள்ளும் போவான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதோடு, அவன் ஆபீஸ் ஸ்கேனரில் மறந்து விட்டுப் போன காகிதங்கள் மாதவன் கையில் அகப்பட்டிருந்தன. வாசிமின் வருமான வரி ரிட்டர்ன், அதற்கான செலவு விவரம், பில்கள். கம்பெனிச் சம்பளம் போக, சைடு வேலையில் ஒரு வருமானம் காட்டியிருந்தான். அந்தச் சைடு வேலைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிய செலவு என்று பெட்ரோல், டயர், சர்வீஸ், வண்டியின் தேய்மானம் வரை கழித்திருந்தான்.

"இங்கயே குடியிருந்து இங்கயே வேலை பாக்கறவனுக்கு இத்தனை பெட்ரோல் எதுக்குங்க?" என்றார் மாதவன். "எவனுக்கோ ஓடியிருக்கான். சைடு வேலை பண்ணக் கூடாதுன்னு கம்பெனி ரூல் இருக்குதுங்க. அதையும் மீறி, அவனே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாதிரிதானுங்களே இது."

மாதவன் படு நேர்த்தியான ஆள். இஸ்திரி கலையாத சட்டை, சீவி ஒதுக்கிய தலை, பேச்சில் அப்படி ஒரு பணிவு. இவ்வளவு பணிவாக இருப்பவன் ஒன்று பெரிய மகானாக இருக்க வேண்டும், அல்லது பெண் பார்க்க வந்தவனாக இருக்க வேண்டும் என்று முனீஸ் நினைத்துக்கொண்டான்.

போலீஸ் புகார் தட்டச்சு செய்து மேஜை மேல் தயாராக இருந்தது. கந்தப்பன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. ஊர்ப் பெயர் கெட்டுப் போகுமே என்று யாரோ சொன்னதால் ஜெயசுதாவைக் கூப்பிட்டு, சாயங்காலம் வரை அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார். சாயங்காலம் என்று அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. வாசிம் வீடு வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தான். இவன் உங்களிடம் வேலை பார்ப்பவன்தானா, ஆள் எப்படி என்று விசாரிக்க வங்கியிலிருந்து காலையில் போன் வந்திருந்தது. சாயங்காலம் கூப்பிடுங்கள், சொல்கிறேன் என்று கந்தப்பன் வைத்துவிட்டார். அவர் வாயிலிருந்து திருடன் என்று ஒரு சொல் விழுந்தால் வீடும் போச்சு, வேலையும் போச்சு, பெயரும் போச்சு.

ஜெயசுதா பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மாதவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இதை முழுக்கப் படிச்சீங்களா? மொத்தத்தைப் பார்த்தேன், போதாதா என்றார் அவர். ஜெயசுதா தலையாட்டினாள். பிறகு, அந்தக் கோட்டுத் துணியைப் பின்னிய நிட்டிங் மெஷினைப் பார்க்க வேண்டும், கூட வந்து காட்டுகிறீர்களா என்றாள்.

மாதவன் முகம் சுளித்தார். "மன்னிச்சுக்கோணுங்க. எனக்கு வீசிங். பஞ்சு ஒத்துக்காது. நிட்டிங் பக்கம் கால் வெச்சே வருசக்கணக்காச்சுங்க. எல்லாமே போன்லயேதான்."

"ஆமா அம்மிணி, அவனுக்கு ஆகாது" என்றார் கந்தப்பன்.

வெளியே வந்ததும் ஜெயசுதா நிட்டிங் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேராக, ஆட்களின் வருகை எழுதும் டைம் ஆபீசுக்கு நடந்தாள். போகும் வழியில் முனீஸிடம் காகிதத்தை நீட்டி, வண்டிச் செலவில் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டாள். எனக்கு என் வண்டிக்குக் காற்றடிக்கவே காசில்லை, இவன் ஒரே வருஷத்தில் ரெண்டு டயர் மாற்றியிருக்கிறான் என்றான் முனீஸ்.

"ரெண்டும் எந்த டயரு?"

முனீஸ் பில்லை மறுபடி பார்த்தான். இரண்டுமே பின் டயர். முன் டயருக்குப் பில்லே இல்லை. கூடவே பின்பக்க ஷாக் அப்சார்பர், கேரியருக்கு வெல்டிங்.

"ஒரு துண்டுத் துணி என்ன கனம் இருக்கும் முனீஸு? சட்டைப் பைக்குள்ள போயிரும். போட்டோவா அனுப்புனா அந்தக் கனமும் இல்லை. துணியைத் திருடறவனுக்குப் பின் டயரு ஏன் தேயுது?"

முனீஸுக்கு உடனே பதில் இருந்தது. பின் சீட்டில் குண்டான கூட்டாளி உட்கார்ந்து போயிருப்பான் என்றான். ஜெயசுதா சிரிக்கவில்லை. இன்னொன்றையும் காட்டினாள். மொத்த வண்டிச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் வாசிம் கழித்திருந்தான். வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்து போகும் ஓட்டத்தையும் சொந்த ஓட்டத்தையும் கழிக்கக் கூடாது என்பது சட்டம். அதை ஒழுங்காக ஒதுக்கி, சைடு வேலைக்கு ஓடியதை மட்டும் கேட்டிருந்தான். இந்த ஊரில் குடும்பத்தோடு கொடைக்கானல் போன பெட்ரோலையே தொழில் செலவில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு நியாயமாகக் கழிக்கிற திருடனை முனீஸுக்குப் பிடிக்கவில்லை. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

டைம் ஆபீஸ் பெஞ்சில் வாசிம் உட்கார்ந்திருந்தான். முப்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள், விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை. செல்போனையும் வண்டிச் சாவியையும் காலையிலேயே பிடுங்கி வைத்துவிட்டார்களாம். ஜெயசுதா கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னான். சைடு வேலை உண்டு. தையல் மெஷின் ரிப்பேர். மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, ராத்திரியில் சரி பண்ணிக் கொண்டு போய்க் கொடுப்பேன். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவள் அடுத்துக் கேட்டாள்: "யாரோட மெஷினுங்க தம்பி? நாலு பேரைச் சொன்னாப் போதும், விசாரிச்சுட்டு இப்பவே உன்னை அனுப்பி வெச்சர்றேன்."

வாசிம் தரையைப் பார்த்தான். "அதை மட்டும் கேக்காதீங்கக்கா. சொல்ல முடியாதுங்க."

ஏன் என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. முனீஸ் தன் பங்குக்கு மிரட்டியும் பார்த்தான், அசையவில்லை. வெளியே வந்ததும் முனீஸ் தீர்ப்பே சொல்லிவிட்டான். மெஷினுமில்லை மண்ணுமில்லை, இருந்தால் பெயர் சொல்ல வேண்டியதுதானே, மடியில் கனமிருக்கிறது அதனால்தான் வழியில் பயம் என்றான். ஜெயசுதாவுக்கும் உறுத்தத்தான் செய்தது. அவள் நெற்றிச் சுருக்கத்தை வைத்தே அவனால் அதைச் சொல்ல முடியும்.

வண்டி நிறுத்தும் கொட்டகை ஆபீஸை ஒட்டி இருந்தது. கம்பெனியின் நிட்டிங் கட்டடம் காம்பவுண்டின் அடுத்த கோடியில், நடுவில் லாரி திரும்பும் அளவுக்கு வெட்டவெளி. வாசிமின் வண்டியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. முன் டயரில் கடையில் வாங்கிய அன்றைய ரப்பர் முள்கூட மிச்சமிருக்க, பின் டயர் வழுக்கைத் தலையாகியிருந்தது. ஜெயசுதா குனிந்து செயினை விரலால் தடவினாள். கருப்பு கிரீஸ். அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பனியன் வேஸ்ட் கொஞ்சம் கொண்டு வா என்று முனீஸை அனுப்பினாள். அவன் வெள்ளைத் துணிக் கழிவு ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பி வரும்போது, அவள் நாலு வண்டி தள்ளி, ஒரு பளபளப்பான புல்லட்டின் பக்கத்தில் குந்தி, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது மாதவனின் வண்டி. கண்ணாடி பார்த்துத் தலை சீவலாம், அப்படி மினுக்கி வைத்திருந்தார். இந்த வேகாத வெயிலில் செருப்பு அறுந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது என்று முனீஸ் அனுதாபப்பட்டான்.

வாசிமின் வீடு நாலு சந்து தள்ளி இருந்தது. அவன் மனைவி நசீமா கதவைத் திறந்ததும், கணவனுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டாள். அழுது ஓய்ந்த முகம். வீட்டின் பின்பக்கத் தகரக் கூரைக்கு அடியில் தையல் மெஷின் தலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாருடையது என்று அடையாளம் தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. ஜெயசுதா கண்ணைக் காட்ட, முனீஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். பாதி தூக்கும்போதே இடுப்பில் ஏதோ சொடுக்கியது. இதைக் கட்டிக்கொண்டு மேடு பள்ளத்தில் போனால் டயர் மட்டுமா, ஓட்டுகிறவனே தேய்ந்துவிடுவான்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நசீமா சொல்லத் தொடங்கினாள். சம்பளத்தை மட்டும் காட்டினால் கேட்ட கடன் கிடைக்காது என்றது வங்கி. சைடு வேலை வருமானத்தையும் ரிட்டர்னில் காட்டுங்கள், அதற்கு ஓடிய வண்டிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று வரி எழுதிக் கொடுக்கிறவர் சொன்னார். காட்டினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே என்று வாசிம் பயந்திருக்கிறான். ஒளிச்சு வெச்சு வாங்குற ஊடு நமக்கு வேண்டாம் என்று நசீமாதான் பிடிவாதம் பிடித்தாளாம்.

பிறகு ஜெயசுதா, யாருடைய மெஷின்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள். நசீமா வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"பாதிக்கு மேல இவரு கம்பெனி டெய்லருங்களோட மெஷினுதானுங்க்கா. சாயங்காலம் ஊட்டுக்குப் போயி வேற எடத்து பீஸ் வாங்கித் தெக்கறாங்க. புருசன் குடிகாரன், புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டோணும், ஒவ்வொருத்திக்கு ஒரு கஷ்டம். மொதலாளிக்குத் தெரிஞ்சா அத்தனை பேரையும் நிறுத்திருவாரு. இவரு ஜெயிலுக்குப் போனாலும் பேரு சொல்ல மாட்டாருங்க. எனக்கு இவரைத் தெரியும்."

நானும் சொல்ல மாட்டேன் என்று ஜெயசுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கம்பெனிக்கு வந்து கேட்டில் இரு, சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்றாள்.

ரோட்டுக்கு வந்ததும் முனீஸ் தன் சந்தேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மெஷின் தூக்குவது நிஜம், சரி. மெஷின் தூக்குகிறவன் துணியும் தூக்கியிருக்கலாமே, கையா இல்லை என்றான். நல்ல கேள்விதான் என்ற ஜெயசுதா, வண்டியை இடப்பக்கம் விடச் சொன்னாள்.

அது அவளுக்குத் தெரிந்தவர்களின் சின்ன நிட்டிங் யூனிட். உள்ளே வட்ட மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. சாதாரணத் துணியை இப்படி வெள்ளை நூலில்தான் ஓட்டுவார்கள், சாயமெல்லாம் அப்புறம்தான். கோடு போட்ட துணிக்கு மட்டும் முதலிலேயே நூலுக்குச் சாயம் ஏற்றி, கலர் நூலை ஓட்ட வேண்டும். காற்று முழுக்கப் பஞ்சு பறந்தது. முனீஸின் வண்டியை அவள் கேட்டுக்குள் கதவோரம் நிறுத்தச் சொல்லியிருந்தாள். சும்மா நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்தார்கள். வாசலில் ஒரு வடநாட்டுத் தொழிலாளி கம்ப்ரஸர் குழாயை எடுத்து, இந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே முனீஸின் தலை, சட்டை, பேன்ட் என்று காற்றடித்தான். நிட்டிங்குக்குள் போன யாரும் இந்தக் காற்றுக் குளியல் இல்லாமல் வெளியே போவதில்லை. அப்படியே முனீஸின் வண்டிக்கும் சீட்டு, டேங்க் என்று அடித்துவிட்டான்.

ஓசியில் ஏர் சர்வீஸ் என்று முனீஸ் சந்தோஷப்பட்டான். ஜெயசுதா செயினைப் பார் என்றாள். சீட்டிலும் டேங்கிலும் இருந்த பஞ்சு முழுக்கப் பறந்து போயிருந்தது. செயினில் மட்டும் கிரீஸோடு ஒட்டி, கிழவன் தாடி போல வெள்ளையாகப் படிந்திருந்தது. அடித்த காற்று அதை இன்னும் உள்ளே அமுக்கிவிட்டிருந்தது.

"கோட்டுத் துணி ஓட்டறப்ப ஒரு வழக்கம் இருக்குது முனீஸு. மொதல் மீட்டர் மெஷினை விட்டு எறங்குனதும், டிசைன் தெரிஞ்சவன் பக்கத்துல நின்னு பாத்து சரின்னு சொல்லோணும். போன்ல ஆகாது. அப்புடிப் பாக்கலீன்னா கோடு முன்னப் பின்னப் போயிரும். மேஜை மேல பாத்தியே, ரெண்டு சட்டையும் நூலு பிசகலை. அப்ப திருடுனவன் அந்தக் கம்பெனி மெஷின் பக்கத்துல நின்னிருக்கான். நின்னவன் வண்டி வாசல்ல நின்னிருக்கும்."

வாசிம் செயினில் பஞ்சு ஒரு இழை இல்லை என்று அப்போதுதான் முனீஸுக்கு நினைவு வந்தது. வேறு எவன் செயினில் என்று கேட்க வாயெடுத்தவன், செருப்பு வார் அறுந்த கதையை யோசித்தான். யோசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். மூன்று வருஷத்தில் அவன் அப்படிச் செய்வது அபூர்வம்.

சாயங்காலம் கொட்டகைக்கு முன்னால் ஜெயசுதா எல்லாரையும் கூட்டினாள். கந்தப்பன், மாதவன், கேட்டில் காத்திருந்த நசீமா, பெஞ்சிலிருந்து அழைத்து வரப்பட்ட வாசிம். வங்கிக்காரன் எந்த நேரமும் கூப்பிடுவான், சீக்கிரம் ஆகட்டும் என்று கந்தப்பன் அவசரப்படுத்தினார். ஜெயசுதா அவர் கையில் வெள்ளைப் பனியன் வேஸ்ட்டைக் கொடுத்து, வாசிம் வண்டிச் செயினை நீங்களே துடைத்துப் பாருங்கள் என்றாள். முதலாளி திகைத்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து துடைத்தார். துணியில் கருப்பு கிரீஸ் வந்தது, வேறு ஒன்றுமில்லை.

"இன்னொரு துணி எடுத்து, அந்த புல்லட்டுச் செயினையும் ஒருக்காத் தொடச்சுருங்க."

மாதவனின் பணிவு அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. என் வண்டிக்கு என்னங்க என்று முன்னால் வந்தார். அதற்குள் கந்தப்பன் துடைத்துவிட்டார். துணியை விரித்தார். கருப்பு கிரீஸுக்கு நடுவில் செங்கல் சிவப்பில் பஞ்சு. அதை ஒட்டிக் கிளிப்பச்சை.

மாதவன்தான் முதலில் சமாளித்தார். இந்த ஊரில் காற்றே பஞ்சுதான், ரோட்டில் போனால் எவன் வண்டியிலும் ஒட்டும் என்றார்.

"ஊருல பறக்கறதெல்லாம் வெள்ளைப் பஞ்சுங்க" என்றாள் ஜெயசுதா. "இது கலர் நூலு ஓட்டுற எடத்து வாசல்ல நின்னு, ஏர் அடிச்சப்ப உள்ள போனது. ஏனுங்க்ணா, நம்ம கம்பெனில இந்தச் செகப்பு நூலு எப்பவாச்சும் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லை" என்றார் கந்தப்பன். அவர் கண் துணியை விட்டு அகலவில்லை. "அவங்க சட்டையில இருக்கறது இது. இதே செகப்பு, இதே பச்சை. மாதவா, உனக்குத்தான் வீசிங் ஆச்சேடா."

மாதவன் புல்லட்டிலிருந்து ஓரடி பின்னால் போனார். இஸ்திரி கலையாத சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியது. மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. அந்தக் கம்பெனியில் பங்கு தருகிறேன் என்றார்களாம். பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்த நேரத்தில் ஸ்கேனரில் அந்தக் காகிதம் கிடைத்ததாம். கந்தப்பன் அடிக்கக் கை ஓங்கினார், பிறகு கையை இறக்கி, என் கண் முன்னால் நிற்காதே, வக்கீலோடு வா என்று மட்டும் சொன்னார். மாதவன் புல்லட்டையும் விட்டுவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார்.

"ரெண்டு பேருமே சைடு வேலைதான் பாத்திருக்காக" என்றான் முனீஸ். "ஒருத்தர் செலவை எழுதிக் காட்டுனாரு. இன்னொருத்தர் மெனக்கெட்டு ஏர் அடிச்சாரு."

அதோடு முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. கந்தப்பன் திரும்பினார். ஏமாந்த ஆத்திரம் முழுக்க இப்போது வாசிம் பக்கம் வந்தது. திருடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரூலை மீறினாயா இல்லையா, என்னிடம் சொன்னாயா, யார் மெஷினுக்கு ஓடினாய் என்று உறுமினார். வாசிம் அப்போதும் தரையைப் பார்த்து நின்றான். பெயரைச் சொல், இப்போதே வங்கிக்கு நல்ல வார்த்தை சொல்கிறேன் என்றார். நசீமா கணவனைப் பார்த்தாள், ஆனால் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை.

"வேலையை விட்டு வேணும்னா நிறுத்திக்குங்க மொதலாளி" என்றான் வாசிம். "பேரு சொல்ல மாட்டேனுங்க."

அந்த நேரம் பார்த்துக் கந்தப்பனின் போன் அடித்தது. வங்கிதான். கையெல்லாம் கிரீஸ், புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டுக் கொட்டகைத் திண்டில் வைத்தார். ஒரு இளம்பெண்ணின் குரல். வாசிம் உங்களிடம் வேலை பார்க்கிறாரா? எப்படிப்பட்டவர்? ஏதாவது புகார் உண்டா? கந்தப்பன் எல்லாவற்றுக்கும் உறுமலாகவே பதில் சொன்னார். பார்க்கிறார், ஒழுங்கானவர், புகார் இல்லை. பிறகு அந்தக் குரல், ரிட்டர்னில் மெஷின் ரிப்பேர் என்று சைடு வருமானமும் வண்டிச் செலவும் காட்டியிருக்கிறார், அது கம்பெனி அனுமதியோடுதானா, இல்லையென்றால் அந்த வருமானத்தைக் கடனுக்குக் கணக்கில் எடுக்க முடியாது என்றது.

கந்தப்பன் போனிலிருந்து நிமிர்ந்தார். எதிர்க் கட்டடத்தில் ஷிப்ட் முடிந்து டெய்லர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசிமைப் பார்த்ததும் நாலைந்து பெண்கள் நடையை நிறுத்தினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கந்தப்பன் அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, நெடுநேரம் பார்த்தார். போச்சு, மனுஷருக்குப் புரிந்துவிட்டது, இனி அத்தனை பேரையும் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறார் என்றுதான் முனீஸ் நினைத்தான்.

சார், லைன்ல இருக்கீங்களா என்றது போன்.

"இருக்கறனுங்க" என்றார் கந்தப்பன். "எங்க டெய்லருங்க ஊட்டுல மெஷின் வெச்சிருக்கறது எனக்கு ரொம்ப நாளாத் தெரியுமுங்க. தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். அதையெல்லாம் சரி பண்ணிக் குடுக்கறது இவருதான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. அப்புடியே எழுதிக்குங்க."

நசீமா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கந்தப்பன் வாசிமின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டவரைப் போலச் சட்டைப் பையைத் துழாவி, காலையில் பிடுங்கி வைத்த வண்டிச் சாவியை எடுத்தார். கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதை அவனிடம் நீட்டினார்.